கேட்காமல் மாறும் வகைகள்

தரவுத்தளத்தில் ஒவ்வொரு தகவலுக்கும் எண், எழுத்து, தேதி என ஒரு வகை உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் நமக்கு வேண்டிய புது வகைகளையும் உருவாக்கலாம். அப்படி உருவாக்குகிறவர், ஒரு வகை இன்னொன்றாகத் தானே மாறலாமா என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். இதில் தாராளம் ஆபத்து. 2008-இல் வந்த 8.3 பதிப்புக்கு முன்பு போஸ்ட்கிரெஸ் பல வகைகளைச் சத்தமில்லாமல் எழுத்தாக மாற்றிக்கொள்ளும். ‘இன்றைய தேதி 2017-11-17-க்கு முந்தையதா?’ என்று கேட்பவர் மேற்கோள் குறியை விட்டுவிட்டால், அது கழித்தல் கணக்காகி 1989 ஆகிவிடும். பிறகு தேதி, எண் இரண்டையும் எழுத்தாக்கி ஒப்பிடும். 2-இல் தொடங்குவது 1-க்குப் பிந்தையது என்பதால், 2007-இல் கேட்டாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். 8.3 முதல் இந்தக் கேள்வி பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது.

அந்த மாற்றத்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரல்களும் நின்றன என்பது நியாயமான குறைதான். ஆனால் நின்ற நிரலை அன்றே திருத்திவிடலாம். தப்பான பதிலைத் தரும் நிரல் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாது. தவிர, எல்லா இடத்திலும் கெடுபிடி தேவையில்லை. போஸ்ட்கிரெஸ் மூன்று நிலைகளைத் தருகிறது: எழுதிக் கேட்டால் மட்டும் மாற்றுவது, அட்டவணையில் சேமிக்கும்போது மாற்றுவது, எங்கும் தானே மாற்றுவது. சிறிய முழு எண் பெரிய முழு எண்ணாவதில் எதுவும் தொலையாது. அது தானே நடக்கட்டும். தசம எண் முழு எண்ணானால் பின்னம் போய்விடும். அதைச் சேமிக்கும்போது அனுமதிக்கலாம், ஏனென்றால் போய்ச் சேரும் இடத்தின் வகை அங்கே முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

மதிப்பு தொலையாவிட்டால் போதுமா என்றால், போதாது என்பதே என் வாதம். போஸ்ட்கிரெஸுடன் ‘சிஐடெக்ஸ்ட்’ என்றொரு கூடுதல் வகை வருகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அது பொருட்படுத்தாது. மின்னஞ்சல் முகவரிக்குத் தோதானது. இது சாதாரண எழுத்து வகையாகத் தானே மாறும். அதனால் சிஐடெக்ஸ்ட் முகவரியைச் சாதாரண எழுத்து வகையில் உள்ள முகவரியோடு ஒப்பிட்டால், சிஐடெக்ஸ்ட் முகவரியும் சாதாரண எழுத்தாகிவிடுகிறது. பெரிய எழுத்தில் பதிந்த அதே முகவரி ‘வேறு’ என்று வந்து நிற்கும். ஓர் எழுத்தும் தொலையவில்லை. அந்த வகையை உருவாக்கிய நோக்கமே தொலைந்துவிட்டது. இந்த மாற்றம் இல்லாவிட்டால் எழுத்துக்கான மற்றச் செயல்கள் ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டியிருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் புது வகையை உருவாக்குகிறவர், இரு வகைகளையும் ஒப்பிடுவதற்கான விதியையும் சேர்த்தே எழுதித் தரலாம். அப்போது மென்பொருள் அந்த விதியையே எடுத்துக்கொள்ளும், மாற்றத்துக்குப் போகாது.