ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசி இல்லையா?

பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பில் சிரத்தை இல்லை என்ற புகார் நமது மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. உபாத்தியாயர்கள் சொல்கிறார்கள், பெற்றோர் சொல்கிறார்கள், தம் பிள்ளைகளைப் பட்டணத்துப் பாடசாலைக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டு ஓய்ந்திருக்கும் கனவான்கள் எல்லோரையும்விட உரத்துச் சொல்கிறார்கள். கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பதோ பத்து வயதுப் பிள்ளை. தீர்ப்புக் கூறுமுன் சாட்சியத்தைப் பார்க்க வேண்டாமா? அந்தப் பிள்ளை காலையில் என்ன உண்டது என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

புதுக்கோட்டை ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். அதன் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. கல் உடைக்கவும் களை எடுக்கவும் போகிற தாய், விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பழைய சோறு இருந்தால் பிள்ளை உண்ணும். இல்லையேல் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு நடக்கும். ஐந்து வயதுக் குழந்தையின் தேகம் செலவிடும் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மூளை ஒன்றுக்கே போகிறது என்று சாஸ்திரிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுப்பில் விறகே வையாமல் உலை கொதிக்கவில்லை என்று கோபிப்பது எவ்வகை நியாயம்? நமது மாகாணத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை கண்டிருப்பதாகச் சர்க்காரின் குடும்ப நலக் கணக்கே சொல்லியிருக்கிறது. வகுப்பில் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வேண்டியது பிரம்பல்ல, இரும்புச் சத்து மாத்திரை என்பதை வைத்தியர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த மண்ணுக்கு அன்னமிடுதல் புதிதன்று. சம்ஸ்தான காலத்தில் நவராத்திரி தோறும் அரிசியும், பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் ஜனங்களுக்கு வழங்கப்பட்டு வந்தன. கொடுத்தவர் புண்ணியம் தேடினார். பெற்றவர் கும்பிட்டுப் போனார். திருவிழா முடிந்த மறுநாள் பசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அன்று எழவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பியது பள்ளிக்கூடமே. 1920-ல் பி. தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டியும், சில ஆண்டுகளில் அந்நிய சர்க்கார் அந்தச் செலவுக்கே தடை போட்டது! 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு, சமைத்த உணவைத் தேசமெங்கும் சர்க்கார் பள்ளிகளில் கொடுக்க உத்தரவிட்டது. காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பர் 15-ல் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது.

இவையெல்லாம் ‘இலவசம்’ என்று இகழ்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு கோர்ட்டு வழக்கத்தை நினைவூட்டுகிறோம். சாட்சியைச் சம்மன் அனுப்பி அழைப்பவர் அவருக்குப் படி கட்டுகிறார். அதைத் தர்மம் என்று யாரும் சொன்னதில்லை. 2009-ன் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அனுப்பிய சம்மன் அல்லவா? வரச் சொன்னவர் படியும் கட்டட்டும்.

இனி ஊக்கத்தின் விஷயம். 1943-ல் ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர், வயிற்றுப் பசி அடங்கிய பின்னரே அச்சமின்மையும், உறவும், மதிப்பும், தன் ஆற்றலை முழுமையாக்கும் வேட்கையும் படிப்படியாகத் தலைதூக்கும் என்று எழுதினார். படிகள் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை என்பது நமது எண்ணம். புதுக்கோட்டையிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கடியில் அமர்ந்து அட்சரம் கற்றார்கள். வெறும் அட்சரத்தோடு இயக்கத்தார் நின்றிருந்தால் எத்தனை பேர் நீடித்திருப்பார்களோ! கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கவும், பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்குப் போகவும், யார் தயவும் இன்றி ஊர் சென்று திரும்பவும் அந்த வண்டி உதவிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் மிதித்தார்கள். அன்றாடத் தேவை ஒன்று நிறைவேறியது. எழுத்தின் மீதும் பற்று வந்தது. படித்துப் பாருங்கள், பலன் பிறகு வரும் என்று யாரும் அவர்களிடம் உபந்யாசம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வயிற்றோடு தேவை முடிவதும் இல்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் பகல் முழுதும் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். அவர்களையும் சிரத்தையற்றவர்கள் என்றே ரிஜிஸ்தர் எழுதும். மரியாதையும் ஒரு தேவையே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை மகாராஜா கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் தரச் செய்தார். அந்த இடம் கிடைத்திராவிட்டால் அம்மையாரின் அறிவு யாருக்குத் தெரிந்திருக்கும்?

இப்போது நமது கேள்விக்கு வருவோம். மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை நீண்டிருக்க, காலைச் சிற்றுண்டியோ 2025-ன் விஸ்தரிப்புக்குப் பிறகும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்பில் தேறிய பிள்ளை கோடை விடுமுறை கழித்து ஆறாம் வகுப்பில் காலடி வைக்கிறது. அதற்குள் தாயின் கூலி உயர்ந்துவிடவில்லை. அவள் புறப்படும் நேரமும் மாறவில்லை. பள்ளி மட்டும் பல ஊர்களில் இன்னும் தூரமாகிவிடுகிறது. உடலோ வளரும் வயதில் முன்னைவிட அதிகம் கேட்கிறது. சட்டம் பதினான்கு வயது வரை அழைக்கிறது. படி பத்து வயதோடு நின்றுவிடுகிறது. கணக்குத் தெரிந்த எந்த அதிகாரியும் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. பணமில்லை என்பார்களாயின், வகுப்பில் உட்கார்ந்து ஒன்றும் கல்லாமல் போகும் ஒரு பிள்ளையின் மீது ஆண்டு முழுதும் செலவாகும் பணத்தைச் சற்றுக் கூட்டிப் பார்க்கட்டும்.

ஜில்லாவில் உள்ள நமது ஊழியர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மேடைக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். அவரவர் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு முதல் மணி அடிக்குமுன் சென்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்டு வந்தார்கள் என்று எண்ணுங்கள். ஊர் ஊராக அந்தக் கணக்கை எழுதி, கலெக்டருக்கு ஒரு பிரதியும், சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு பிரதியும், நமக்கு ஒரு பிரதியும் அனுப்புங்கள்.