செருகுநிரற் சந்தையின் அமைப்பு

கணினியைக் கையாள்வோர் பலரும் நாள்தோறும் சென்று மீளும் சந்தையொன்றுண்டு. ஆங்குத் தராசுமில்லை, கூவி விற்பாருமில்லை. கொள்வோனும் கொடுப்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டறியார். ஆயினும் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் எழும் வழக்குகள் யாவும் ஆங்கும் எழுகின்றன. இடம் எவருக்குரியது, கழிவு எவ்வளவு, பழுதான பண்டத்துக்குப் பொறுப்பாளி யார், குத்தகைக்காரன் தன் விருப்பம்போல் ஒருவனை வெளியேற்றலாமா என்னும் வினாக்களே அவை. மென்பொருட் செருகுநிரல்களுக்கெனச் சமூகமொன்று தானே சந்தை வகுப்பதாயின் எவற்றைக் கருதல் வேண்டுமென்பதை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

செருகுநிரல் என்பது யாதெனில், பெருமென்பொருளொன்றின் உள்ளமைப்பைத் திருத்தாது, அதனோடு பிற்பாடு பொருத்தி அதற்குப் புதியதோர் ஆற்றலை நல்கும் சிறு நிரலாகும். நாற்சார் வீட்டுக்குப் பின்னாளிற் பத்தி இறக்குவதை இதற்கு ஒப்பிடலாம். பத்தியின் கூரைமரம் வீட்டுச் சுவரிலேயே தாங்குகின்றது. எவ்விடத்தில் மரம் ஊன்றலாம், எவ்வளவு பாரத்தைச் சுவர் பொறுக்கும் என்பவற்றை வீட்டைக் கட்டியவன் முன்னரே குறித்து வைத்தால், அயலவனும் அச்சமின்றிப் பத்தி இறக்கலாம். மென்பொருளில் இவ்வாறு குறித்துவைத்த ஊன்றிடங்களின் தொகுதியையே இடைமுகம் என்கிறோம். இடைமுகம் நிலைத்திருக்கும் வரையே செருகுநிரலும் நிலைக்கும். மொசில்லாவின் பயர்பொக்ஸ் உலாவி, 2017 நவம்பரில் வெளிவந்த 57 ஆம் பதிப்பிற் பழைய இடைமுகத்தை முற்றாகக் கைவிட்டது. வேகமும் பாதுகாப்பும் கருதிச் செய்யப்பட்ட மாற்றமே அது. எனினும் புதுக்கி எழுதப்படாத பழைய நீட்சிகள் யாவும் அப்பதிப்பிற் பயனற்றுப் போயின. ஆகவே சந்தை வகுப்போர் கடைகளை எண்ணுமுன் சுவரின் உறுதியை எண்ணுதல் வேண்டும். இடைமுகம் மாறுமாயின் எத்தனை மாதம் முன்னதாக அறிவிக்கப்படும், பழையதும் புதியதும் எவ்வளவு காலம் ஒருங்கே இயங்கும் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும்.

இதன் அருமை எனக்கு விளங்கியது சிறிய செருகுநிரலொன்றின் வாயிலாகவே. ஒருங்குறி பரவுமுன் ஈழத்து அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் பாமினி எழுத்துருவே பெருவழக்காயிருந்தது. அதில் தமிழெழுத்துக்கள் இலத்தீன் எழுத்துக்களுக்குரிய இடங்களிலேயே வைக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். அதனை ஒருங்குறிக்கு மாற்றுங்கால் எழுத்துக்கு எழுத்து மாற்றினாற் போதாது. பாமினியில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தோன்றும் முறைப்படி மெய்க்கு முன்னே பதியப்படும். ஒருங்குறியிலோ பின்னே பதியப்படும். ‘கொ’ என்னும் எழுத்தில் முன்னும் பின்னும் நிற்கும் இரு குறிகளையும் ஒன்றாக்குதலும் வேண்டும். இவையனைத்தையும் செய்யும் உலாவிச் செருகுநிரலொன்றைப் பழைய மாணவர் ஒருவர் எமக்கு எழுதித் தந்தார். பழைய மலர்கள் பலவற்றை அதன் துணைகொண்டே வாசித்தோம். அவர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்தார், உலாவி புதுப்பிக்கப்பட்டது, செருகுநிரல் ஒருநாள் ஊமையாயிற்று. அதன் மூலநிரல் அவர் வீட்டில் விட்டுச்சென்ற மடிக்கணினியில் இருந்தது. அம்மடிக்கணினியோ பழுதடைந்திருந்தது. மலர் வெளியீட்டுக்கு நாள் குறித்தாயிற்று ஆகையால், இருநூறு பக்கங்களை மாணவரும் யாமும் கையாலேயே மீளத் தட்டச்சிட்டோம்.

ஆக்கியவன் அகன்றாலும் ஆக்கம் அகலாதிருக்க வழிசெய்தலே சமூகச் சந்தையின் முதற்பயன் என்பேன். நூல்களை அச்சுக்கோக்கும் டெக் என்னும் மென்பொருளின் அன்பர்கள் இதனை முன்னரே உணர்ந்தனர். 1990களின் தொடக்கத்தில் அவர்கள் தத்தம் பொதிகளை ஒரே களஞ்சியத்திற் குவித்து, அதன் படிகளைப் பல நாட்டுக் கணினிகளில் வைத்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1995 இற் பேர்ள் நிரன்மொழியினரும் தமக்கொரு களஞ்சியம் கண்டனர். வலைத்தளம் அமைப்பதற்கான வேர்ட்பிரெஸ் மென்பொருளின் செருகுநிரற் கோவையில் இன்று அறுபதினாயிரம் அளவிற்குச் செருகுநிரல்கள் உள.

எம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் பேணிவரும் டிஎச்ஐஎஸ்-2 என்னும் சுகாதாரத் தகவல் மென்பொருள் இலங்கையிலும் பயன்பட்டு வந்தது. 2020 ஜனவரியிற் கொரோனாத் தொற்றின் அச்சம் எழுந்தபோது, நாட்டுக்குள் வருவோரைப் பதிந்து பின்தொடர்வதற்கான அமைப்பொன்றை இலங்கை வல்லுநர் அதன்மேற் சில நாட்களுள் ஆக்கினர். ஒஸ்லோவினர் அதனை அடியாகக் கொண்டு பொதுப் பொதியொன்றை வெளியிட்டனர். பிறநாடுகள் பல அதனை எடுத்தாண்டன. கொழும்பில் இறக்கிய பத்தியின் அளவுகள் ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டிருந்தமையாற் பல தேசத்தார் தத்தம் வீட்டுக்கும் அதனை இறக்கிக் கொண்டனர். தமிழ் விக்கிப்பீடியாவின் வரலாற்றிலும் இத்தகையதொரு செய்தியுண்டு. யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன் 2003 இன் இறுதிப் பகுதியிலிருந்து அதனைக் கட்டியெழுப்பினார் என்பது பலரும் அறிந்ததே. அங்கே தமிழிற் தட்டச்சிடப் பின்னாளில் உதவிய ‘நாராயம்’ என்னும் நீட்சியோ மலையாள விக்கிப்பீடியர் ஒருவர் எழுதியது. ஓலையில் எழுதும் எழுத்தாணிக்கு மலையாளத்தார் இட்ட பெயர் அது. அதன் மூலநிரல், எவரும் எடுத்துத் திருத்தத்தக்க உரிமத்தோடு பொதுக் களஞ்சியத்தில் இருந்தமையால் மலையாளத்து எழுத்தாணி தமிழுக்கும் பயன்பட்டது.

இனிப் பரிசோதனையைப் பற்றிச் சிறிது நோக்குவாம். அப்பிள் நிறுவனத்தின் சந்தையில் ஒவ்வொரு புதுப்பிப்பும் சோதிக்கப்பட்ட பின்னரே வெளிவரும். வேர்ட்பிரெஸின் கோவையில் முதன்முறை வருவதையே தொண்டர்கள் படித்துப் பார்ப்பர்; பிற்பட்ட புதுப்பிப்புக்கள் அத்தகைய வாசிப்பின்றியே பயனரைச் சேர்ந்து வந்துள்ளன. 2010 இல் தோன்றிய எப்-டுரொயிட் என்னும் சமூகக் களஞ்சியமோ மூலநிரலைப் பெற்றுத் தானே செயலியைத் தொகுத்து வழங்குகின்றது. அரிசியை மாவாக வாங்காது நெல்லாக வாங்கித் தன் உரலில் இடிப்பது போன்றது அம்முறை. பயனர் விரும்பாத இயல்பு ஏதேனும் ஒரு செயலியிற் காணப்படுமாயின், அதனை விலக்காது, ‘இஃது உம் நடமாட்டத்தைக் கண்காணிக்கின்றது’ என்றாற்போல வெளிப்படையாகக் குறியிட்டு வைப்பதும் அங்குள்ள வழக்கம். பொருள்வளம் குன்றிய சமூகத்துக்கு இக்குறியிடும் முறை மிகவும் ஏற்றதென எண்ணுகிறேன்.

ஆயினும் வாயிலிற் சோதிப்பது மாத்திரம் காவலாகாது. பெருங்கேடுகள் பல, நற்பெயர் பெற்ற செருகுநிரல்கள் கைமாறிய பின்னரே நிகழ்ந்துள்ளன. வேர்ட்பிரெஸில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் தளங்களில் இயங்கிய ‘டிஸ்பிளே விட்ஜெற்ஸ்’ என்னும் செருகுநிரலை 2017 இல் ஆக்கியோர் விற்றனர். வாங்கியவர் அதனுள் வேண்டா விளம்பரங்களைப் புகுத்தும் கள்ளவழியொன்றை ஒளித்துவைத்தார். சில மாதங்களுள் அது கோவையிலிருந்து பலமுறை அகற்றப்பட்டும் மீண்டும் புகுந்து, செப்டெம்பரிலேயே முற்றாக நீக்கப்பட்டது. குரோம் உலாவியில் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய ‘கிறேற் சஸ்பென்டர்’ என்னும் நீட்சியும் 2020 இற் கைமாறியது. தீங்கு விளைவிக்கும் நிரலென 2021 பெப்ரவரியிற் கூகிள் அதனை அகற்றியது. இவ்விரண்டிலும் பயனருக்குக் கைமாற்றம் தெளிவாக உணர்த்தப்படவில்லை. கடையின் பெயர்ப்பலகையும் பழையது, படமும் பழையது. உள்ளிருந்தவன் மட்டும் வேறாளாயினான். காணி உறுதி கைமாறினால் நொத்தாரிசு முன்னிலையிற் கையொப்பம் வேண்டும், காணிப் பதிவகத்திற் பதிவு வேண்டும். ஒரு கமரா இலட்சம் வீட்டினுள் நோக்குவது போன்ற அதிகாரமுடைய செருகுநிரல் ஒரு மின்னஞ்சலாற் கைமாறுவது எவ்வாறு பொருந்தும்? உடைமை மாறினால் அச்செய்தி பயனர் ஒவ்வொருவருக்கும் சென்றடைதல் வேண்டும். புதிய உடைமையாளரின் முதற் சில புதுப்பிப்புக்கள் மீளவும் மனிதக் கண்களாற் படிக்கப்படல் வேண்டும். இசைவு தராதவரின் கணினியிற் பழைய பதிப்பே தங்குதல் வேண்டும்.

கொண்டுவந்த பண்டத்தை ஆக்கியவனே மீளப்பெறலாமா என்பது பிறிதொரு வழக்கு. 2016 மார்ச்சில் நிரலாளர் ஒருவர், பெயருரிமைத் தகராறொன்றில் மனம் நொந்து, என்பிஎம் களஞ்சியத்திலிருந்த தம் பொதிகள் அனைத்தையும் நீக்கினார். அவற்றுள் ஒன்று பதினொரே வரி கொண்டது. சொல்லின் இடப்புறத்தே வெற்றிடம் நிரப்புவதே அதன் தொழில். அப்பதினொரு வரியை நம்பியிருந்த எண்ணற்ற மென்பொருள்களைத் தொகுக்க இயலாது உலகெங்கும் நிரலாளர் திகைத்தனர். களஞ்சியத்தார் தாமே அதனை மீட்டு வைத்தனர். பின்னர் நீக்கும் உரிமைக்கும் வரம்பிட்டனர். ஆக்கியோன் இனி உழைக்க மறுக்கலாம். முன்பு பொதுவிற் கொடுத்ததைப் பிடுங்குதல் ஆகாது என்பதே என் கருத்து.

கழிவைப் பற்றி எம் கமக்காரருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. குடாநாட்டுச் சந்தைகளில் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோவைக் கழித்துக்கொள்ளும் வழக்கத்தை அவர்கள் பலமுறை எதிர்த்துள்ளனர். அப்பிளின் சந்தை 2008 இல் திறந்தபோது விற்பனையில் 30 வீதம் கழிவாயிற்று. ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டொலருக்கு மேற்படாத சிறு நிரலாளருக்கு 2021 முதல் அது 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. நெடுங்காலம் அக்கருவியில் வேறு சந்தைக்கு வழியிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 இலேயே சட்டத்தின் வலிமையால் வாயில் திறந்தது. சமூகச் சந்தைக்கும் செலவுண்டு: வழங்கிக் கணினிக்கு வாடகை வேண்டும், படித்துப் பார்ப்போருக்கு ஊதியமோ நன்றியோ வேண்டும். அச்செலவைக் கணக்கெழுதி எல்லாரும் காண வைத்து, அந்தளவுக்கே கழிவு கொள்ளலாம்.

அனைத்தினும் சிக்கலானது நிலம் எவருடையதென்னும் வினா. வேர்ட்பிரெஸை நிறுவியோருள் ஒருவரான மட் மலன்வெக்கிற்கும் டபிள்யூபி என்ஜின் என்னும் நிறுவனத்துக்கும் 2024 இல் வணிகக்குறி பற்றிய பிணக்கு மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், அந்நிறுவனம் பேணிவந்த ‘அட்வான்ஸ்ட் கஸ்டம் பீல்ட்ஸ்’ என்னும் புகழ்பெற்ற செருகுநிரலின் இடத்தைக் கோவையை நடத்துவோர் தாமே எடுத்துக்கொண்டு, பெயரையும் மாற்றி வைத்தனர். பாதுகாப்புக் கருதியே செய்தோம் என்பது அவர்கள் கூற்று. டிசெம்பரிற் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையிட்டு முந்திய நிலையை மீட்டது. கோவை இயங்கும் தளம் சமூகத்தின் பொதுச் சொத்தென எண்ணியிருந்தோர், அது மலன்வெக்கின் தனியுடைமை என்பதை அப்போதே அறிந்து வியந்தனர். அவர் செய்தது சரியோ பிழையோ, ஒருவர் கையில் அவ்வளவு அதிகாரம் இருந்தமையே அமைப்பின் குறை. இதற்கு மாறான வழி ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்னும் சந்தையிற் காணப்படுகின்றது. மைக்கிறோசொப்ற்றின் நிரலெழுதிக்குரிய சந்தையைப் பிற மென்பொருள்கள் பயன்படுத்த அதன் விதிகள் இடந்தராமையால், அதற்கு ஈடாக எழுந்த இச்சந்தையை எக்ளிப்ஸ் என்னும் இலாபநோக்கற்ற அறநிலையம் நடத்துகின்றது. சந்தையை இயக்கும் மென்பொருளே திறந்த மூலநிரலாதலால், நடத்துவோருடன் முரண்படுவோர் அதனை எடுத்துப் பிறிதோரிடத்தில் நிறுவவும் இயலும்.

தமிழுக்கெனச் சிறு சந்தையொன்று வகுக்க எண்ணுவோர்க்குத் தொகை சிறிதாயிருப்பதே நன்மை. ஐம்பது செருகுநிரல்களை மனிதரே படித்துப் பார்க்க முடியும். ஆனால் எத்தனைபேர் நிறுவினர் என்ற எண்ணிக்கையால் வரிசைப்படுத்தல் ஆகாது. பாமினி மாற்றியைத் தேடுவோர் முந்நூறு பேரே எனினும் அவர்களுக்கு வேறு கதியில்லை. ஒவ்வொன்றுக்கும் இருவரேனும் பொறுப்பாளராயிருத்தலும், அவருள் ஒருவர் ஊரில் இருத்தலும் நலம்.

எம் பழைய மாணவர் சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தபோது அச்செருகுநிரலைப் புதிய இடைமுகத்துக்கேற்ப மீள எழுதினார். மூலநிரல் இப்பொழுது பொதுக் களஞ்சியமொன்றில் திறந்த உரிமத்தோடு இருக்கின்றது. அதன் திறவுச்சொல் அவரிடமும், உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியிடமும், என்னிடமும் உளது. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து மட்டும் இன்னும் பிழையாகவே மாறுகின்றது. அம்மாணவி அதனைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.