மழையில் நிற்கும் கரி என்ஜின்கள்

1896 ஆகஸ்ட் 29 அன்று பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். விலை 2 ரூபாய் 13 அணா. போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. ஆனால் அவர் பார்த்த பழைய வரைபடத்தில் விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை இல்லை. வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கினார். மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, திருக்கோவிலூரில் மறுபடி ரயிலேறினார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில், அருணாசல மலையின் அடியில் வந்து இறங்கினார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்கு வரும் பக்தர்கள் பலருக்கு இந்த ஊர்ப்பெயர்கள் மனப்பாடம். அந்த வண்டியை இழுத்துவந்த என்ஜினைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மீட்டர் கேஜ் காலத்து நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டன. தப்பிய சில, ரயில் நிலைய வாசல்களிலும் பணிமனை முகப்புகளிலும் அருங்காட்சியகத் திறந்தவெளிகளிலும் நிற்கின்றன. கறுப்பும் சிவப்புமாகப் பெயிண்ட் பளபளக்கும். பார்ப்பவர்கள், என்ஜின் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது வேறு.

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் சூடு இருக்கும், எண்ணெய் ஓடும், தினமும் யாராவது சாம்பலை வாருவார்கள். நின்றுவிட்ட என்ஜினில் திறந்த புகைபோக்கி வழியே மழை நேராகப் புகைப்பெட்டிக்குள் இறங்குகிறது. அங்கே தேங்கிய கரியிலும் சாம்பலிலும் கந்தகம் உண்டு. ஈரம் பட்டதும் அது அமிலமாகி இரும்புத் தகட்டை அரிக்கிறது. கொதிகலனுக்கும் மேலுறைத் தகட்டுக்கும் நடுவே சூடு வெளியேறாமலிருக்க அடைத்த பொதி, நனைந்த சாக்குபோல மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துருவைச் சுரண்டாமல் மேலே பூசும் பெயிண்ட், அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டுகிறது. எண்ணெய் காணாத தாங்கிகள் இறுகிப் போகின்றன. விசில், அழுத்தமானி, செம்புக் குழாய் போன்றவை திருட்டுக்கும் எளிது.

இவ்வளவு ஆன பிறகும் மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு அத்தாட்சி சென்னையிலேயே இருக்கிறது. இ.ஐ.ஆர். 21 என்ற என்ஜின் 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவானது. ஓய்வுபெற்றபின் ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுரா நிலையத்திலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் காணாமல்போன பாகங்களைப் புதிதாகச் செய்து, 2010இல் அதை மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். அதன்பின் சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் அது சென்னையில் ஓடியிருக்கிறது. திருச்சி பொன்மலைப் பணிமனையோ நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி என்ஜின்களையே செய்து தந்திருக்கிறது. கைத்திறன் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

வெளிநாட்டில் என்ஜின் மீட்புக்குப் பெயர்பெற்ற இடம் வேல்ஸ் கடற்கரையில் உள்ள பாரி. 1960களில் அங்கே ஒரு பழைய இரும்புக் கிடங்குக்கு 297 நீராவி என்ஜின்கள் வந்து சேர்ந்தன. கிடங்குக்காரர் சரக்குப் பெட்டிகளை உடைப்பதில் மும்முரமாக இருந்ததால் என்ஜின்கள் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தன. ஆர்வலர்கள் காசு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கி 213 என்ஜின்களை மீட்டார்கள். மழையிலும் உப்பிலும் கிடந்த ஒவ்வொரு வருடமும் அவர்களுடைய வேலையைக் கூட்டியது.

எல்லா என்ஜினையும் ஓடவைக்க வேண்டியதில்லை. ஓடும் என்ஜினுக்குக் கொதிகலன் சோதனையும் தேர்ந்த ஆட்களும் தொடர்ந்து வேண்டும். நிற்கிற என்ஜினுக்கு முதல் தேவை தலைக்கு மேல் ஒரு கூரை. பக்கச் சுவர்கூட வேண்டாம், காற்றோட்டம் நல்லதுதான். ஈரம் பிடிக்கும் பழைய பொதியை எடுக்கும்போது கவனம் வேண்டும்: அது கல்நாராக இருந்தால் அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். அதைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அகற்ற வேண்டும்.

விழுப்புரம்–காட்பாடி பாதை இன்று பிராட் கேஜ். பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டம் அதில் வந்து இறங்குகிறது. வேங்கடராமன் எப்படிப்பட்ட வண்டியில் வந்தார் என்று ஒரு குழந்தை கேட்டால், கைநீட்டிக் காட்ட அந்தக் காலத்து என்ஜின்கள் எங்காவது முழுசாக மிஞ்ச வேண்டும். கூரைக்குப் பணம் வரும்வரை செய்யக்கூடியதும் உண்டு: ஐப்பசி மழைக்கு முன்பே சாம்பலை வாரி, நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து, அசையும் பாகங்களுக்குக் கிரீஸ் தடவி, புகைபோக்கியின் வாயை ஒரு தகர மூடியால் அடைத்துவிடலாம்.