மறுநாள் உயிரைக் குடிக்கும் பாக்கெட் சாராயம்! கண் மங்கினால் காத்திருக்காதீங்க

கள்ளக்குறிச்சி கருணாபுரம் சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் அங்கு பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து பலியானார்கள். பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். பெண்களும் தப்பவில்லை. தாய், தந்தை இருவரையும் பறிகொடுத்து நின்ற பிள்ளைகளும் உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதேபோல 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இரண்டிலும் எமனாக வந்தது மெத்தனால்.

மெத்தனால் என்றால் என்ன?

பெயிண்ட், வார்னிஷ், ரசாயன தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் திரவம் இது. போதைக்காக இதை சாராயத்தில் கலந்து விடுகிறார்கள். பார்த்தாலும் முகர்ந்தாலும் சாதாரண சாராயம் போலத்தான் இருக்கும். பழகின குடிகாரராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வயிற்றுக்குள் போன மெத்தனாலை ஈரல் மெல்ல மெல்ல பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. இந்த அமிலம் ரத்தத்தில் கலந்து முதலில் கண் நரம்பைத் தாக்கும். பிறகு மூளை, மூச்சு எல்லாம் பாதிக்கும். சுமார் 10 மில்லி மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடும். 30 மில்லி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

ஏமாற்றும் நேரம்

இதில் பெரிய ஆபத்தே, உடனே ஒன்றும் தெரியாததுதான். அமிலம் சேர 12 மணி முதல் 24 மணி நேரம் வரைகூட ஆகலாம். "நேத்து குடிச்சேன், நல்லாத்தானே இருக்கேன்" என்று மறுபடியும் குடிக்கப் போகிறவர்கள் உண்டு. கருணாபுரத்தில் முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போது செய்திகள் வெளியாகின.

மறுநாள் வயிற்று வலி, வாந்தி, தலைசுற்றல் வரும். பலர் இதை சாதாரண 'ஹேங் ஓவர்' என்று நினைத்து தூங்கப் போய்விடுகிறார்கள். கண் முன்னால் பனி படர்ந்த மாதிரி தெரிந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூட தாமதிக்கக் கூடாது.

மறைக்காதீங்க

போலீசுக்குப் பயந்தும், அக்கம்பக்கத்தில் மானம் போகும் என்றும் பல வீடுகளில் விஷயத்தை மறைக்கிறார்கள். "சாப்பாடு ஒத்துக்கலை" என்று டாக்டரிடம் சொன்னால் சிகிச்சையே திசைமாறிப் போகும். மோர், எலுமிச்சை சாறு, இன்னொரு கிளாஸ் சாராயம் என்று கை வைத்தியம் பார்ப்பதும் வேலைக்கு ஆகாது.

108-க்கு போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை அப்படியே சொல்ல வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது. டயாலிசிஸ் மூலம் விஷத்தை வெளியேற்றலாம். சீக்கிரம் வந்தால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். கூடவே குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் கையோடு அழைத்துப் போக வேண்டும்.

கள்ளக்குறிச்சி சம்பவத்துக்குப் பிறகு 2024-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. விஷ சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது ரூ.10 லட்சம் அபராதம். ஆனால் தண்டனை வந்தாலும் போன உயிர் திரும்பாது.

குடியை விட நினைப்பவர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.