பாம்பு ஏன் உண்ணவில்லை?

"பல வாரங்களாக எதையும் தொடவில்லை!" பந்து மலைப்பாம்பு வளர்க்கும் அமெரிக்க, பிரிட்டன் வீடுகளில் அடிக்கடி எழும் கவலை இது. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் இப்பாம்பின் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா.

பாம்பு குளிர் இரத்தப் பிராணி. செரிமானத்துக்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. கூண்டின் ஒரு பக்கமாவது சுமார் 31 டிகிரி செல்சியஸ் இல்லையென்றால் பசி குறையும். தோலுரிப்பதற்கு முன் கண்கள் நீலம் பூத்திருக்கும் நாள்களிலும், இனப்பெருக்கக் காலத்திலும் உண்ணாமலிருப்பது இயல்பே. மறைவிடம் இல்லாததும், அடிக்கடி கையில் எடுப்பதும்கூடக் காரணமாகலாம்.

எனவே, இரையை வாயில் திணிக்கக் கூடாது. பாம்புக்குக் காயம் ஏற்படும். வெப்பத்தைச் சரிசெய்து, மறைவிடம் அமைத்து, எடையைக் குறித்துவர வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வகுப்பில் இக்கேள்வியை எழுப்புங்கள். காரணங்களையும், எதை முதலில் சோதிப்பது என்பதையும் மாணவர்களே பட்டியலிடட்டும். நல்லபாம்பு, சாரைப்பாம்பு போன்ற நம் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.