உள்ளங்காலின் அறிவு

பாடசாலை முற்றத்தில் மாணவரை வரிசையாக நிறுத்துங்கால், தலையை நிமிர்த்துமாறும் நெஞ்சை உயர்த்துமாறும் கட்டளையிடுகின்றோம். பாதம் எவ்வாறு ஊன்றியிருக்கின்றது என்று நோக்குவோர் மிகச் சிலரே. யோகாசனம் பயிற்றுவோரும் சிலம்பம் பயிற்றுவோரும் கீழிருந்தே தொடங்குவர். அதற்குத் தக்க காரணம் உண்டு.

நேயர்களே, அசையாது நிற்கின்றோம் என நாம் எண்ணும் வேளையிலும் நம் உடல் முன்னும் பின்னும் சிறிதளவு சாய்ந்துகொண்டே இருக்கின்றது. உள்ளங்காற் தோலிலுள்ள நரம்பு முனைகள் அழுத்தம் மாறுவதை உணர்த்துகின்றன. கணுக்காலைச் சூழ்ந்த தசைகள் சாய்வைத் திருத்துகின்றன. கண்ணும் உட்செவியும் இவ்வேலையிற் பங்குகொள்வன. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரொம்பேர்க் ஒரு சோதனையை விவரித்தார். நோயாளி பாதங்களைச் சேர்த்து நின்று கண்களை மூடவேண்டும். காலின் உணர்வை இழந்தவர் அக்கணமே தள்ளாடுவார். அத்தகையோர் முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் விழ நேர்வதுண்டு. காலின் குறையை அதுவரை கண் மறைத்து வைத்திருந்தது.

தாடாசனம் பார்வைக்கு வெறுமனே நிற்பதாகவே தோன்றும். ஆயினும் குதிகால், பெருவிரலின் அடி, சின்னவிரலின் அடி ஆகிய மூன்றிடத்தும் பாரம் ஒப்ப இறங்குகின்றதா என ஆராய்வதே அதன் பயிற்சி. காலணியின் அடி ஒருபுறமே தேய்வதைக் கொண்டு நிற்கும் முறையின் பிழையை அறியலாம் என்பதை, 1966இல் வெளிவந்த தமது யோக நூலில் பி. கே. எஸ். ஐயங்கார் சுட்டியுள்ளார். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்திலே, புதிதாகப் பயில்வோர் விரல்களை மடக்கித் தரையைப் பற்றமுயல்வர். அது உதவாது. விரல்களை உயர்த்தி, அகல விரித்து, மெல்லப் படியவைத்தல் வேண்டும். பின்னும் கணுக்கால் நடுங்கும். பலர் இதற்கு வெட்குகின்றனர். அந்த நடுக்கத்திலேதான் பாதம் பாடம் கற்கின்றது.

போர்க்கலையிலோ எதிரி காத்திருக்கமாட்டான். பாரம் முழுவதையும் ஏற்ற கால் விரைந்து பெயராது. ஆதலாற் சிலம்பத்திற் காலடி முறைகளுக்குப் பெரிதும் இடம் கொடுக்கின்றனர். 1882இல் கனோ ஜிகோரோ தொடங்கிய ஜூடோவில், எதிராளியின் சமநிலையைக் குலைத்த பின்னரே வீழ்த்துதல் நிகழும். பாரம் ஊன்றவரும் அந்த நொடியில் அவன் பாதத்தைத் தட்டிவிடுவது அதில் ஒரு நுட்பம். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அது பயன்படாது.

இவை இளைஞருக்கு மட்டும் உரியவை எனக் கருதவேண்டா. வீழ்ச்சியால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. முதியோரே மிகுதியாக இறக்கின்றனர். வயது ஏற ஏற உள்ளங்காலின் உணர்வு மங்குகின்றது. முதியோர் சுவரருகே நின்று, ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மிக மெதுவாக மாற்றிப் பழகலாம். கண்களைத் திறந்தே வைத்திருக்கட்டும். நீரிழிவால் உணர்வு குன்றியோர் வெறுங்காலுடன் பயிலலாகாது. முள் தைத்தாலும் அவர்களுக்குத் தெரியாமற் போகக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே பயிலவேண்டும். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாற் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.