நகரியில் ஒரு எஸ்டிமேட், திருத்தணியில் ஒரு எஸ்டிமேட்!

நகரி: திருத்தணிக்கும் நகரிக்கும் நடுவே ரயிலில் சில ஸ்டேஷன்களே உண்டு. பொன்பாடி தாண்டினால் ஆந்திரா வந்துவிடும். தறி ஒன்றுதான், பேச்சும் பெரும்பாலும் தமிழ்தான். ஆனால் பத்து விசைத்தறி ஓடும் ஒரு கொட்டகைக்கு வயரிங் செய்ய எஸ்டிமேட் போடும்போது, எல்லைக் கோடு பெரிய மதிலாக எழுந்து நிற்கிறது.

1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணியும் நகரியும் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தமிழகத்தில் சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. அன்று முதல் இங்கே ஒரு மின்வாரியம், அங்கே ஒரு மின்வாரியம். இன்று நகரிக்கு மின்சாரம் தருவது திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரத் தென் பகுதி மின் விநியோக நிறுவனம். திருத்தணிக்குத் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்.

பொதுவானது எது?

மின்சாரம் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுப் பட்டியலில் உள்ளது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும், மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளும் இரு பக்கத்துக்கும் ஒன்றே. ஆகவே கொட்டகைக்குள் செய்யும் கணக்கு மாறுவதில்லை.

ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். தறிக்கு ஒன்று வீதம் பத்து மோட்டார் என்றால் 7.46 கிலோவாட். மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 9 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். மூன்று பேஸில் குதிரைத் திறனுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆம்பியர் என்று வைத்து, கேபிளையும் மெயின் சுவிட்சையும் தீர்மானிக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது இதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு மோட்டாரின் உடம்புக்கும் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு கட்டாயம். விளக்கு, மின்விசிறிகளுக்குப் பாயிண்ட் எண்ணி, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி போடுவது வழக்கம்.

மாறுவது எது?

முதலாவது லைசென்ஸ். பல்பு, பியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலை நீங்கலாக, வயரிங் வேலையை மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற கான்டிராக்டர்தான் செய்ய வேண்டும். மேற்பார்வையாளரும் வயர்மேனும் மாநில அரசு வழங்கிய அல்லது அங்கீகரித்த சான்று வைத்திருக்க வேண்டும். திருத்தணிப் பக்கத்து கான்டிராக்டர் கூலி குறைவாகச் சொல்கிறார் என்று நகரியில் வேலையைக் கொடுத்துவிட்டு, முடிந்தபின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட இங்கே செல்லுபடியாகும் லைசென்ஸ்காரரைத் தேடி அலைவது தறிக்காரருக்குப் பெரும் நஷ்டம். மோட்டாரெல்லாம் வந்து இறங்கியிருக்கும். கடனுக்கு வட்டி ஓடும். கரண்டு மட்டும் வராது.

இரண்டாவது, கரண்டு ஆபீஸில் கட்டும் பணம். பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், முன்வைப்புத் தொகை ஆகியவற்றை அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. கம்பத்திலிருந்து கொட்டகை எவ்வளவு தூரம் என்பதும் செலவைக் கூட்டும். ஒரு மாநிலத்தின் தொகையை மற்றதற்கு எழுதினால் எஸ்டிமேட் அங்கேயே சாய்ந்துவிடும்.

மூன்றாவது, அரசு வேலையானால் அந்தந்த மாநிலத்தின் விலை விகிதப் பட்டியலே கணக்கு. தனியார் வேலைக்குச் சந்தை விலை. இதில் ஒரு வசதி பிறந்திருக்கிறது. 2017 ஜூலை 1 வரை சென்னைப் பாரிமுனையில் வயர் வாங்கி வந்தால் இரு மாநில விற்பனை வரியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. ஜி.எஸ்.டி. வந்தபின் ஒரே பொருளுக்கு இரு பக்கமும் ஒரே வரி விகிதம்தான். ஆனால் தாமிர விலை லண்டன் உலோகச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. அதனால் அனுபவசாலிகள் எஸ்டிமேட்டின் அடியில் "இவ்விலை இத்தனை நாள் வரை" என்று எழுதத் தவறுவதில்லை.

இந்தத் தொல்லை நகரிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1897 முதல் தேசிய மின் விதித் தொகுப்பு வெளிவருகிறது. ஆனால் எந்தப் பதிப்பை ஏற்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கேயும் எஸ்டிமேட் போடுகிறவர், எந்த ஊர், எந்த விதி என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்.

குறைக்கக் கூடாதது

பணம் போதவில்லை என்றால் முதலில் கை வைக்கப்படுவது எர்த்தில்தான். மண்ணுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாதல்லவா? இரண்டரை மீட்டர் குழாய் இறக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பியைச் செருகி மூடிவிடுவார்கள். தறியைத் தொடும் கைதான் அதற்கு விலை கொடுக்கும்.

ஆகவே தறிக்காரர்கள் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து வேலையை விடக் கூடாது. பொருள், கூலி, எர்த், கரண்டு ஆபீஸ் பணம் என்று நான்காகப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். கான்டிராக்டரின் லைசென்ஸ் எந்த மாநிலத்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த ஒரு கேள்வி பல மாத வட்டியை மிச்சப்படுத்தும்.